போட்டிக்குச் செல்லும் ஒளிப்படம்

நுழையும்முன்

இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் ஒளிப்படக் கலைஞர்களே. காட்சியைக் கண்டவுடன் பதிவு செய்தல் எளிதாகிவிட்டது. ஆயினும் எடுத்த படம் வேறு. போட்டிக்கு அனுப்பத்தக்க படம் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் தொழில்நுட்ப அறிவும் நேர்மையும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. படத்தைச் செப்பமிடுவது எதுவரை முறை? எவ்விடத்தில் அது பொய்யாகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

எண்களால் நெய்த படம்

படச்சுருள் வழக்கிலிருந்த காலத்தில், ஒளி வேதிப்பொருளின் மீது பட்டு உருவத்தைப் பதித்தது. எண்ம ஒளிப்படக்கருவியில் அப்பணியைச் செய்வது சென்சார் எனப்படும் ஒளியுணரி. அது தன்மீது விழும் ஒளியை மின்னூட்டமாகவும், மின்னூட்டத்தை எண்ணாகவும் மாற்றுகிறது. இவ்வாறு எண்களாகப் பதிவான படத்தின் மிகச் சிறிய அலகே பிக்சல் எனப்படும் படப்புள்ளி. அகலவாக்கில் 6000, உயரவாக்கில் 4000 படப்புள்ளிகள் கொண்ட படத்தில் மொத்தம் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் இருக்கும். கடைகளில் ‘24 மெகாபிக்சல்’ என்று குறிப்பிடப்படுவது இதுவே.

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. பரவலாக வழங்கும் ஜேபெக் கோப்பில் அவ்வெண் 0 முதல் 255 வரை அமையும். 0 என்பது முழு இருள். 255 என்பது முழு ஒளி. மூன்று நிறங்களின் 256 நிலைகளும் ஒன்றோடொன்று கூடும்போது 1,67,77,216 நிறங்கள் கிடைக்கின்றன.

படம் எண்களின் தொகுப்பாக இருப்பதே அதன் வலிமை. அதுவே அதன் மென்மையான இடமும்கூட. எண்ணை மாற்றினால் படம் மாறிவிடும். மாற்றிய கை தேர்ந்த கையாயின் தடம் எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. ஒளிப்படப் போட்டிகளின் விதிகளுள் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவையே.

தெரிந்து தெளிவோம்

1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் பணியாற்றிய ரசல் கிர்ஷ், தம் குழந்தையின் ஒளிப்படத்தைக் கணினிக்குள் எண்களாகச் செலுத்தினார். அப்படம் 176 × 176 புள்ளிகளே கொண்டது. 1975ஆம் ஆண்டு கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் எண்ம ஒளிப்படக்கருவியை உருவாக்கினார். அது ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. அப்படத்தில் இருந்தவை வெறும் பத்தாயிரம் புள்ளிகள்.

முதற்படி: விதிகளைப் படித்தல்

ஒளிப்படப் போட்டிகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. நெதர்லாந்தில் 1955இல் தொடங்கப்பட்ட ‘வேர்ல்டு பிரஸ் போட்டோ’ செய்திப் படங்களுக்கானது. 1965இல் தொடங்கப்பட்டு, இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தால் நடத்தப்படும் ‘வைல்டுலைஃப் போட்டோகிராபர் ஆஃப் தி இயர்’ காட்டுயிர்ப் படங்களுக்கானது. இவற்றில் படம் என்பது சான்று. அதில் காண்பது நிகழ்ந்தது என்று பார்வையாளர் நம்புகிறார். கற்பனைப் பிரிவு வைத்திருக்கும் போட்டிகளும் உள்ளன. அங்கே இரு படங்களை இணைத்து ஒரு படமாக்குவதும் கலையே. ஆகவே, ஒரு போட்டியில் பாராட்டுப் பெறும் செயல் மற்றொரு போட்டியில் தகுதியிழப்புக்குக் காரணமாகலாம்.

இதனால் படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே விதிகளை முழுமையாகப் படித்தல் வேண்டும். எந்தப் பிரிவு, எத்தனை படங்கள், எந்த நாளுக்குப் பின் எடுத்தவை, வயது வரம்பு, நுழைவுக் கட்டணம், கோப்பின் அளவு, அனுமதிக்கப்படும் திருத்தங்கள், படத்தின் மீது போட்டியாளர் பெறும் உரிமை ஆகியவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்வது நன்று. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், சென்ற ஆண்டு அறிந்ததைக் கொண்டு இவ்வாண்டு படம் அனுப்புதல் கூடாது.

மூலத்தைக் காத்தல்

தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் விடியற்காலையில் உப்பு வாரும் தொழிலாளி ஒருவரைப் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் படம் எடுத்திருப்பதாகக் கொள்க. அப்படம் போட்டிக்குச் செல்லும் வழியைப் படிப்படியாக நோக்கலாம்.

முதலில் அம்மாணவி செய்ய வேண்டியது, கருவியிலிருந்து இறக்கிய கோப்பை மாற்றமின்றித் தனியே சேமிப்பதாகும். திருத்தங்கள் அனைத்தையும் அதன் படியில் மட்டுமே செய்தல் வேண்டும். ஜேபெக் என்பது அளவைச் சுருக்கும் கோப்பு முறை. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பகுத்து, கண் எளிதில் உணராத நுண் விவரங்களைக் கைவிடுகிறது. சுருக்கப்படாத நிலையில் 24 மெகாபிக்சல் படம் ஏழு கோடி பைட்டுகளுக்கு மேல் இடம்பிடிக்கும். ஜேபெக் ஆகும்போது அது பல மடங்கு குறைந்துவிடும். ஆனால், கைவிட்ட விவரம் மீண்டும் வராது. திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு சிறிது கூடும்.

வாட்ஸ்அப் எனும் புலனம் வழியாக ஒளிப்படமாக அனுப்பும்போதும் படம் சுருக்கப்படுகிறது. நண்பருக்கு அனுப்பித் திரும்பப் பெற்ற படத்தைப் போட்டிக்கு அனுப்புவது, நகலின் நகலை அனுப்புவதற்கு ஒப்பானது. கைப்பேசியிலிருந்து கணினிக்குப் படத்தை மாற்றக் கம்பியிணைப்பையோ, கோப்பைச் சுருக்காது அனுப்பும் வழியையோ பயன்படுத்துதல் வேண்டும்.

வசதியுள்ள கருவிகளில் ‘ரா’ எனப்படும் மூலக்கோப்பு முறையும் உண்டு. ஒளியுணரி பதிந்த எண்களைப் பெரும்பாலும் அப்படியே இது வைத்திருக்கும். ஜேபெக் ஒரு நிறத்திற்கு 256 நிலைகள் தருமாயின், 14 பிட் மூலக்கோப்பு 16,384 நிலைகள் தரும். உப்பளப் படத்தில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். வெண்ணிற உப்புக் குவியலின் மீது வெயில் விழும்போது ஜேபெக் கோப்பின் எண்கள் விரைவில் 255ஐ எட்டிவிடும். எட்டிய இடம் வெற்று வெண்மையாகிவிடும். உப்புப் பரல்களின் வடிவம் அங்கே அழிந்திருக்கும். மூலக்கோப்பில் அவ்விவரம் ஓரளவு மீட்கத்தக்கதாக எஞ்சியிருக்கலாம். ஆயினும் படம் எடுக்கும்போதே ஒளியைச் சற்றுக் குறைத்துப் பதிவதே சிறந்த காப்பு.

மூலக்கோப்புக்கு மற்றுமொரு பயன் உண்டு. அது படத்தின் பிறப்புச் சான்று. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களின் மூலக்கோப்பைக் கேட்டுப் பெற்று ஒப்பிடுவது பெரும் போட்டிகளின் வழக்கம்.

திருத்தமும் திரிபும்

படத்தைச் செப்பமிடுதல் குற்றமன்று. கருவி மனிதக் கண்ணைப் போலப் பார்ப்பதில்லை. இருளும் ஒளியும் கலந்த இடத்தைக் கண் சமன்செய்து காண்கிறது. கருவிக்கு அத்திறன் குறைவு. எனவே, கண்ட காட்சிக்கு நெருக்கமாகப் படத்தைக் கொண்டுவர ஒளியளவு, ஒளிமாறுபாடு, நிறச்சமன் ஆகியவற்றை மிதமாகச் சரிசெய்வதைப் பெரும்பாலான போட்டிகள் ஏற்கின்றன. சாய்ந்த அடிவானத்தை நேராக்குதல், விளிம்பை வெட்டிக் கத்தரித்தல், ஒளியுணரியில் படிந்த தூசியின் புள்ளியை நீக்குதல் ஆகியனவும் பொதுவாக ஏற்கத்தக்கனவே.

உப்பளப் படத்தில் தொழிலாளியின் தலைக்குப் பின்னே மின்கம்பம் ஒன்று நிற்கிறது எனக் கொள்க. அது பார்வையை உறுத்துகிறது. இன்றைய செயலிகள் விரலால் ஒரு முறை தேய்த்தவுடன் அதனை மறைத்துவிடும். செய்தி, ஆவணம், இயற்கை ஆகிய பிரிவுகளில் அது விதிமீறல். கம்பம் அங்கே இருந்தது; தூசி அங்கே இல்லை. தூசியை நீக்குவது கருவியின் பிழையைத் திருத்துதல். கம்பத்தை நீக்குவது காட்சியைத் திரித்தல். இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் திருத்தம் பற்றிய விதிகளுள் பெரும்பகுதி விளங்கிவிடும். கம்பம் வேண்டாமெனில், படம் எடுக்கும்போதே இரண்டடி தள்ளி நின்றிருக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டளவில் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோவில்களையும் கட்டடங்களையும் படமெடுத்தார். அக்கால எதிர்மப் பரப்புகள் நீல ஒளிக்கு மிகுதியாக இசைந்தமையால் வானம் வெறுமையாகவே பதிந்தது. டிரைப் எதிர்மத்தின் மீது வண்ணம் தீட்டி மேகங்களை உருவாக்கினார். அவரே தஞ்சைப் பெருவுடையார் கோவிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இரண்டும் கைவேலையே. ஆனால், மேகம் அவ்வானில் அந்நேரத்தில் இருந்ததற்குச் சான்று இல்லை. கல்வெட்டோ இன்றும் கல்லில் இருக்கிறது. பரந்த காட்சியைப் பல படங்களாக எடுத்து இணைப்பதைச் சில இயற்கைப் போட்டிகள் ஏற்பதற்கும், இல்லாத மேகத்தைச் சேர்ப்பதை அவை மறுப்பதற்கும் காரணம் இதுவே.

பரிசை இழந்த படங்கள்

2010ஆம் ஆண்டு ‘வேர்ல்டு பிரஸ் போட்டோ’ போட்டியில் விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்ற படத்தொகுதி தகுதியிழந்தது. அதிலுள்ள ஒரு படத்தில், கையொன்றுக்குக் கட்டுப் போடும் காட்சி இடம்பெற்றிருந்தது. எடுத்தவர் மூலப்படத்தின் பெரும்பகுதியை வெட்டியிருந்தார், கருப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார், விளிம்புகளை இருளாக்கியிருந்தார். தகுதியிழப்புக்குக் காரணம் இவை அல்ல. பின்புலத்தில் தெரிந்த மற்றொருவரின் காலின் சிறு பகுதியை அவர் அழித்திருந்தார். மூலக்கோப்போடு ஒப்பிட்டபோது அது வெளிப்பட்டது. அழித்த பகுதி சிறியதே. ஆனால், விதி பரப்பளவைப் பார்ப்பதில்லை. இருந்ததை இல்லையென்று காட்டியதா என்பதையே பார்க்கிறது. இதே போட்டியில் 2015ஆம் ஆண்டு இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, முறையற்ற திருத்தத்தின் காரணமாக விலக்கப்பட்டது.

கணினித் திருத்தம் எதுவுமின்றியும் படம் பொய்யுரைக்கலாம். 2009ஆம் ஆண்டு காட்டுயிர்ப் போட்டியில் வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம் முதற்பரிசு பெற்றது. காட்டு ஓநாய்க்கு மாறாக, பழக்கப்படுத்தப்பட்ட விலங்கு அதில் இடம்பெற்றிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. நடுவர்கள் ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டு சனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றனர். அதே போட்டியில் 2017ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டில் இரவில் ஒளிரும் கறையான் புற்றை நாடி வரும் எறும்புத்தின்னியின் படம் பரிசு பெற்றது. அது உயிருள்ள விலங்கன்று, பாடம் செய்து வைக்கப்பட்ட உடல் என்ற முடிவுக்கு வல்லுநர்கள் வந்தனர். எடுத்தவர் அந்நிகழ்வுக்கு முன்னும் பின்னும் எடுத்த மூலக்கோப்புகளைத் தந்தார். எறும்புத்தின்னி இடம்பெற்ற வேறொரு படம்கூட அவற்றில் இல்லை. 2018ஆம் ஆண்டு அப்படம் விலக்கப்பட்டது. இவ்விரு படங்களின் கலைஞர்களும் குற்றச்சாட்டை மறுத்தனர். எனினும், ஐயத்திற்கு இடமான படம் சான்றாக நிலைபெற முடியவில்லை.

செயற்கை நுண்ணறிவின் வருகை இச்சிக்கலை மேலும் கூர்மையாக்கியுள்ளது. 2023ஆம் ஆண்டு ‘சோனி வேர்ல்டு போட்டோகிராபி அவார்ட்ஸ்’ போட்டியின் கற்பனைப் பிரிவில், செருமானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சனின் கருப்பு வெள்ளைப் படம் வென்றது. அப்படத்தைத் தாம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியதாகக் கூறி அவர் பரிசை மறுத்தார். இத்தகைய உருவங்களை எதிர்கொள்ளப் போட்டிகள் ஆயத்தமாக உள்ளனவா என்று சோதிக்கவே அவ்வாறு செய்ததாகவும் அவர் தெரிவித்தார். ஒளிப்படம் பிறக்க ஒளி வேண்டும். ஒளி பட்ட பொருள் ஒன்று உலகில் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு ஆக்கும் உருவத்திற்கு அவ்விரண்டும் தேவையில்லை. இன்றைய கைப்பேசிகள் தாமாகவே முகத்தை மெருகேற்றுவதும், தெளிவற்ற பகுதியை ஊகித்து நிரப்புவதும் உண்டு. எனவே, போட்டிக்குப் படமெடுப்போர் அத்தகைய அமைப்புகளை முன்னரே அணைத்துவைத்தல் நலம்.

அளவும் நிறமும்

முதற்சுற்றில் நடுவர்கள் பெரும்பாலும் படங்களைத் திரையில் காண்கின்றனர். எனவே, சிறிய அளவிலான படியையே போட்டிகள் கேட்கின்றன. நீண்ட பக்கம் 1920 படப்புள்ளிகள் என்பது பரவலான அளவு. மேற்கூறிய 6000 × 4000 படத்தை அவ்வளவுக்குச் சுருக்கினால் 1920 × 1280 ஆகும். மொத்தப் புள்ளிகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும். சில போட்டிகள் அகலம் 1920, உயரம் 1080 என இரு எல்லைகள் வகுக்கும். அப்போது இதே படம் 1620 × 1080 என்ற அளவில்தான் அடங்கும். அகலத்தையும் உயரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்குதல் வேண்டும். எல்லையை நிரப்பும் பொருட்டுப் படத்தை இழுத்து நீட்டினால் உருவங்கள் சிதைந்துவிடும்.

சுருக்கும்போது விளிம்புகள் சற்றே மழுங்கும். ஆகவே, கூர்மையாக்குதல் அளவைக் குறைத்த பின்னரே செய்ய வேண்டிய இறுதிப் பணி. அதுவும் மிகுந்தால் உருவத்தைச் சுற்றி வெண்கோடு தோன்றிப் படம் செயற்கையாகிவிடும்.

அச்சிடும் படத்திற்குக் கணக்கு வேறு. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது நல்ல அச்சுக்கான பொது அளவு. 6000 புள்ளி அகலமுள்ள படத்தை 20 அங்குலம் வரை அச்சிடலாம். 1920 புள்ளிகளாகச் சுருக்கிய படியோ 6.4 அங்குலத்திற்கே போதும். வென்ற படத்தைக் கண்காட்சிக்கு அச்சிடப் பெரிய கோப்பைக் கேட்பார்கள் என்பதால், மூலத்தைக் காத்துவைப்பது மீண்டும் இன்றியமையாததாகிறது.

நிறத்திலும் கவனம் தேவை. ஒரே எண்ணைத் திரைகள் வெவ்வேறு நிறமாகக் காட்டாமலிருக்க நிறவெளி என்னும் பொது அளவுகோல் வகுக்கப்பட்டுள்ளது. 1996இல் முன்மொழியப்பட்ட ‘எஸ்ஆர்ஜிபி’ பெரும்பாலான திரைகளுக்கு ஏற்றது. 1998இல் வந்த ‘அடோபி ஆர்ஜிபி’ அதைவிட விரிந்தது. குறிப்பாகப் பச்சை நிறங்களில் மிகுதி உடையது. விரிந்த நிறவெளியில் அமைந்த படத்தை அதனை உணராத திரை காட்டும்போது நிறங்கள் மங்கிவிடும். போட்டி கேட்கும் நிறவெளியில் சேமித்து அனுப்புவதே முறை.

பெயரும் குறிப்பும்

கோப்பின் பெயரும் விதிக்கு உட்பட்டது. எடுத்தவர் யாரென்று அறியாமல் மதிப்பிடுவது பல போட்டிகளின் நெறி. ஆதலால், பெயர், கையொப்பம், நீர்க்குறி, அலங்கார விளிம்பு ஆகியவை படத்தின் மீது இருத்தல் கூடாது. கோப்பின் பெயரில் என்ன இடம்பெற வேண்டும் என்பதையும் விதியைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

ஒவ்வொரு கோப்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத குறிப்புகள் உள்ளன. கருவியின் வகை, எடுத்த நாள், நேரம், துளையின் அளவு, ஒளி புகுந்த கால அளவு ஆகியன தாமாகவே பதிவாகின்றன. இவற்றை மீத்தரவு என்பர். போட்டிக்கு இது சான்றாகும் என்பதால் அழித்தல் கூடாது. ஆயினும் கைப்பேசியில் எடுத்த படத்தில் இடத்தின் துல்லியமான குறியீடும் பதிவாகியிருக்கலாம். அரிய பறவையின் கூடு இருக்கும் இடமோ, ஒருவரின் வீடு இருக்கும் இடமோ இதன்வழி வெளிப்படக்கூடும். அத்தகைய படத்தைப் பொதுவெளியில் பகிரும் படியிலிருந்து இடக்குறியீட்டை நீக்குதல் பொறுப்புள்ள செயல்.

படத்தோடு இணைக்கும் விளக்கக்குறிப்பும் படத்தின் பகுதியே. யார், என்ன, எங்கே, எப்போது, எதற்காக என்னும் வினாக்களுக்குச் சுருங்கிய விடை அதில் இருத்தல் வேண்டும். உப்பளப் படத்திற்கு, ‘உழைப்பின் கண்ணீர்’ என்ற தலைப்பைவிட, ‘தூத்துக்குடி மாவட்ட உப்பளம் ஒன்றில் வெயில் ஏறும் முன் உப்பு வாரும் தொழிலாளி’ என்ற குறிப்பு பயன் மிக்கது. முன்னது பார்ப்பவர் உணர வேண்டியதைக் கட்டளையிடுகிறது. பின்னது பார்ப்பவர் அறிய வேண்டியதைத் தருகிறது. பொய்யான குறிப்பு மெய்யான படத்தையும் பொய்யாக்கிவிடும். 2015ஆம் ஆண்டு ‘வேர்ல்டு பிரஸ் போட்டோ’ பரிசு பெற்ற ஒரு தொகுதியில், ஒரு படம் வேறு நகரத்தில் எடுக்கப்பட்டது என்று தெரிந்தபின் அப்பரிசு திரும்பப் பெறப்பட்டது.

படத்தில் இருப்பவர் ஒரு பொருளல்லர், மனிதர். அத்தொழிலாளியிடம் படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லி இசைவு பெறுதல் கடமை. குழந்தைகளாயின் பெற்றோரின் இசைவு தேவை. வறுமையையும் துயரத்தையும் பரிசுக்கான பொருளாக மட்டும் நோக்கும் கண், எத்துணைத் திறம் வாய்ந்ததாயினும் குறையுடையதே.

அனுப்புதலும் உரிமையும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஒளிப்படத்தின் ஆக்குநர் அதை எடுத்தவரே. வெளியிடப்பட்ட ஒளிப்படத்திற்கு ஆக்குநரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. போட்டியில் பங்கேற்பதால் இவ்வுரிமை தானாகப் போய்விடாது. எனினும், விதியை ஏற்றுக் கையொப்பமிடுவோர் தம் உரிமையின் ஒரு பகுதியை வழங்குகின்றனர். வென்ற படத்தைக் கண்காட்சியிலும் போட்டி தொடர்பான விளம்பரத்திலும் பயன்படுத்த இசைவு கேட்பது இயல்பு. வந்த படங்கள் அனைத்தையும் எக்காலத்திற்கும் எப்பயனுக்கும் கட்டணமின்றிக் கொள்ளலாம் என்று கூறும் போட்டியாயின், அனுப்பும் முன் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும்.

இறுதி நாளின் இறுதி மணிவரை காத்திருத்தல் தகாது. அயல்நாட்டுப் போட்டியாயின் நேர வேறுபாட்டையும் கணக்கிடுதல் வேண்டும். கிரீன்விச் நேரப்படி நண்பகல் 12 மணி என்பது இந்தியாவில் மாலை 5.30 மணி. அனுப்பிய கோப்பை மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்பதும், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைச் சேமிப்பதும் நல்ல பழக்கங்கள்.

நிறைவாக

2021ஆம் ஆண்டு இலண்டன் காட்டுயிர்ப் போட்டியில் இளையோருக்கான முதற்பரிசைப் பெங்களூரைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவர் ஒருவர் பெற்றார். அவர் படமெடுத்தது புலியையோ யானையையோ அன்று. சுவரின் இடுக்கில் வலை பின்னியிருந்த சிறு சிலந்தியை எடுத்தார். பின்னே கடந்து சென்ற ஆட்டோ ரிக்‌ஷாவின் நிறங்கள் அவ்வலைக்குப் பின்புலமாக அமைந்தன. அந்நிறத்தை அவர் கணினியில் தீட்டவில்லை. கண் திறந்து காத்திருந்து பெற்றார்.

கருவியின் விலை பரிசைத் தீர்மானிப்பதில்லை என்பதை இது காட்டுகிறது. பார்க்கும் கண், காத்திருக்கும் பொறுமை, விதியை மதிக்கும் ஒழுங்கு ஆகியனவே படத்தை உயர்த்துகின்றன. பரிசு ஒருவருக்கோ இருவருக்கோதான் கிடைக்கும். ஆனால், ‘இது இவ்வாறே இருந்தது’ என்று சொல்லும் தகுதி, நேர்மையாக எடுத்து அனுப்பிய ஒவ்வொரு படத்திற்கும் உண்டு. உருவங்களை நொடியில் புனைந்துவிடும் இக்காலத்தில் அத்தகுதியே ஒளிப்படத்தின் பெருஞ்செல்வம்.

கலைச்சொல் அறிவோம்

படப்புள்ளி – பிக்சல்
ஒளியுணரி – சென்சார்
மூலக்கோப்பு – ரா ஃபைல்
ஒளிமாறுபாடு – கான்ட்ராஸ்ட்
கத்தரித்தல் – கிராப்பிங்
நிறவெளி – கலர் ஸ்பேஸ்
மீத்தரவு – மெட்டாடேட்டா
நீர்க்குறி – வாட்டர்மார்க்
எதிர்மம் – நெகட்டிவ்

கற்றவை கற்றபின்

1. உங்கள் ஊரின் தொழில் ஒன்றை ஒளிப்படம் எடுத்து, அதற்கு நான்கு வரிகளில் விளக்கக்குறிப்பு எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
2. உங்கள் பள்ளியில் ஒளிப்படப் போட்டி நடத்துவதற்கான பத்து விதிகளைக் குழுவாகக் கலந்துரையாடி உருவாக்குக.

பயிற்சி

குறுவினா
1. ஜேபெக் கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தல் ஏன் கூடாது?
2. மீத்தரவு என்பது யாது?

சிறுவினா
1. தூசியை நீக்குவதற்கும் மின்கம்பத்தை நீக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. 4000 × 3000 படப்புள்ளிகள் கொண்ட படத்தின் நீண்ட பக்கத்தை 1920ஆகச் சுருக்கினால் குறுகிய பக்கம் எவ்வளவு ஆகும்? அவ்விகிதத்தைக் காக்க வேண்டியதன் காரணம் யாது?

நெடுவினா
‘போட்டி விதி என்பது பார்வையாளருக்கு அளிக்கப்படும் வாக்குறுதி’ – பாடப்பகுதியில் இடம்பெற்ற நிகழ்வுகளைக் கொண்டு இக்கூற்றை நிறுவுக.